பத்தாம் நம்பர் வீட்டின் ஆட்சேபணை

சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. மொத்தம் ஏழு. வரிசை மாறாமல் சொல்வேன். வரிசை மாறினால் வழக்கே மாறிவிடும். இதை நான் மூன்று வக்கீல்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முதலாவது, பள்ளிக்கூடம். நான் நான்காம் வகுப்பு முடித்த வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் மாற்றலாகிக் கீழே போனார். அடுத்தவர் வர மூன்று வருஷம் ஆனது. அதற்குள் நான் தேயிலைக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் பலகை இடுக்கு வழியாகக் குளிர்காற்று வரும் என்று என் தாய்மாமா சங்கத்துத் துண்டுப் பிரசுரங்களை மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார். மீதிப் படிப்பை நான் அந்தச் சுவரில்தான் படித்தேன். என் பேச்சு இப்படி இருப்பது அதனால்தான். "இவுக தண்ணி கேட்டாக்கூட தீர்மானம் போடுற மாதிரிதான் கேப்பாக" என்று ராசகனி சொல்வாள். ராசகனி என் மனைவி. அவள் ஏழாவதில் வருவாள்.

இரண்டாவது, என் அப்பா. எழுபத்தைந்தில் ஓய்வு பெற்றார். எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அவருக்குப் பிறகு நான் வேலையில் இருந்தேன், ஆனால் தற்காலிகம் என்று எழுதி வைத்திருந்தார்கள். தற்காலிகத்துக்கு வீடு கிடையாது. அப்பாவையும் அம்மாவையும் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றிக் கயத்தாறு பக்கம் அனுப்பினேன். நாற்பது வருஷம் குளிரில் கிடந்த உடம்பு. பதினோராவது மாதம் செத்துப்போனார். டாக்டர் வேறு ஏதோ எழுதினார். வெயில்தான். எனக்குத் தெரியும்.

மூன்றாவது, கம்பளி. வருஷத்துக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். எண்பத்தொன்றில் தற்காலிகத் தொழிலாளிகளுக்கு ஒரு கம்பளியை நடுவில் வெட்டி இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் என் முதல் நோட்டீசை எழுதினேன். கார்பன் தாள் வைத்து எட்டுப் பிரதி. தலைப்பு, 'அரைக் கம்பளிக்கு அரை மனிதனா?' பதினான்கு நாள் சஸ்பெண்டு.

நான்காவது, எண்பத்தொன்பது. அதற்கு நான்கு வருஷம் முன்னால்தான் நிரந்தரம் ஆகியிருந்தேன். ஃபீல்டு ஆபீசர் மேல் கொழுந்துக் கூடையை வீசினேன் என்று குற்றம் சாட்டி வேலையை விட்டு நீக்கினார்கள். கொழுந்துக் கூடை என்பது பொய். கூடையில் அன்றைக்குக் கொழுந்து இல்லை. வெறும் கூடை. விசாரணையில் இதை நான்கு முறை சொன்னேன், ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது, தொண்ணூற்றாறு. கூலிப் போராட்டத்தில் நான் பதினோரு நாள் சிறையில் இருந்தபோது, நான் வளர்த்த சங்கமே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. வெளியே வந்து கேட்டேன். சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அன்றிலிருந்து என் சங்கம் நான் மட்டும்தான். லெட்டர்பேடு இருக்கிறது, சீல் இருக்கிறது.

ஆறாவது, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆனி மாதம். மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, லயத்தைக் காலி செய்யவேண்டும் என்று பத்து வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்களைக் கேட்கவில்லை. எங்களில் ஒருவனைக்கூட மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டவில்லை. கதவில் ஒட்டிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார்கள்.

ஏழாவது இன்று காலையில் நடந்தது.

உங்களுக்கு அவசரம் இல்லையே. உள்ளே கிளார்க் சுத்தப் பிரதி எழுதுகிறார். அதுவரைக்கும் உங்களுக்கு வேலை இல்லை. நீங்கள் வில்லேஜ் ஆபீசர் அம்மாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தவர். வெளி ஆள் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று சட்டம், தபால்காரர் ஒருவர், ஜீப்போடு வந்த பாவத்துக்கு நீங்கள் ஒருவர். எழுதி முடித்ததும் யார் யார் லயத்தை விட்டுப் போகச் சம்மதித்தார்கள் என்று உங்கள் முன்னால் சத்தமாகப் படிப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடவேண்டாமா? அதற்காகத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

அந்த ஆபீசர் அம்மாவைப் பார்த்தீர்களா? இந்தக் கிரெச்சில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல அம்மாதான். மலையாளம் கலந்த தமிழில் "மாசிலாமணி சாரே, மழை வரும் முன்பு முடிக்கணும்" என்கிறார். எனக்குச் சார் பட்டம் கொடுத்த முதல் அதிகாரி. பயந்துபோயிருக்கிறார். மேலே பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்.

நான் மேலே பார்ப்பதில்லை. அடிக்கடி எழுந்து ஓரமாகப் போகிறேன் என்று நீங்கள் பார்க்கிறீர்கள், அது சர்க்கரை. ஐந்து வருஷமாக இருக்கிறது.

இப்போது கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். இன்னும் வேலையில் இருக்கிறவர்களுக்கு இதே எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் வீடு. ஓய்வு பெற்றவர்களுக்கு எஸ்டேட்டில் வீடு கிடையாது, ஒரு லாரி கிடைக்கும். சாமானை ஏற்றிக்கொண்டு கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகலாம். ராசகனி பங்குனியில் ஓய்வு பெற்றாள். ஆகையால் எங்களுக்கு லாரி. எங்கள் மகள் எஸ்தர் ராசபாளையம் பக்கம் தளவாய்புரத்தில் இருக்கிறாள். மருமகன் நைட்டி தைக்கிறார். வா வா என்று இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாள்.

நான் போகப்போவதில்லை. அது தனி விஷயம். அதற்கு வருவேன்.

முதலில் அந்த வெடிப்பு. நோட்டீஸ் ஒட்டின மறுநாள் நான் மேலே ஏறிப்போய்ப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால் சரிவில், ஒரு பனை உயரத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நீளமாக ஒரு பள்ளம். கையகலம். மலையைச் சுற்றி வளைந்து போனது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். மழைத்தண்ணீர் வடிய மலையில் குறுக்கே வெட்டும் குழியை நாங்கள் கான் என்போம். எழுபத்தாறில் இந்தச் சரிவில் கான் வெட்டின கூட்டத்தில் நான் இருந்தேன். மூன்று மாதம் வெட்டினோம். அதன் வளைவு என் முதுகுக்குத் தெரியும். பிறகு செடி மூடி, மண் விழுந்து மறைந்துபோன கான். மழையில் மண் அரித்துத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனிக்கு இந்த இடத்தில் விருந்தினர் பங்களா கட்ட ஆசை என்று எல்லாருக்கும் தெரியும். வெடிப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கீழே வந்து லயத்து வாசலில் கூட்டம் போட்டேன். "அது வெடிப்பு இல்லை. நான் வெட்டின கான். என் கையால வெட்டினது" என்றேன். கைதட்டினார்கள். தம்பி, முப்பது வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கைதட்டினார்கள். ஒன்பது வீட்டுக்காரர்களும் என் லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டார்கள். கலெக்டருக்கு அனுப்பினோம். பாறை, மண் எல்லாம் பார்க்கிற அதிகாரி இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடமும் சொன்னேன். "படிச்சிட்டு வந்திருக்கீங்க, நான் வெட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன். லயமே சிரித்தது. அவர்கள் ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். அந்த மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மழைக்காலமும் ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் நம்பர் வீட்டுச் செல்லக்கண்ணுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவன் மனைவி தாய் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அவன்தான், "அண்ணாச்சி இருக்கிற வரைக்கும் நாம இருப்போம்" என்றான். என் மேல் அவ்வளவு மரியாதை.

இந்த வருஷம் மழை வேறு மாதிரி. ஊற்றுத் தண்ணீர் ஒரு வாரம் கலங்கி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மழை கொட்டுகிறது, ஊற்று நிற்கிறது. எங்கள் வீட்டுப் பின்கதவு நிலையில் பிடித்துக்கொண்டது. நான் உளி வைத்து விளிம்பைச் செதுக்கினேன். இரண்டாம் நாள் மறுபடி பிடித்தது. மறுபடி செதுக்கினேன். ராசகனி பார்த்துக்கொண்டே இருந்தாள். "கதவு ஊதியிருக்கு, மழை ஈரம்" என்றேன். "கதவு அப்படியேதான் இருக்கு. சுவருதான் சாஞ்சிருக்கு" என்றாள். முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவளுக்குத் தச்சு வேலை என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாளைக்கு முன்னால் மழை கொஞ்சம் விட்டது. காலை எட்டு மணி இருக்கும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சாட்சி.

ஒரு அடையாளம் வைத்துக்கொள்வோம் என்றுதான் போனேன். நாங்கள் கான் வெட்டும்போது பத்தடிக்கு ஒரு குழி தோண்டுவோம், அடித்து வரும் மண் அதில் தங்குவதற்கு. வளைவு வரும் இடங்களில் கல் பதிப்போம். அந்தக் குழிகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. நாற்பது ஐம்பது வருஷத்தில் மூடியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் சரிவில் கீழே இறங்கினேன். உண்ணிச் செடிப் புதருக்குள் கால் ஒரு கல்லில் இடித்தது. விலக்கிப் பார்த்தால் வரிசையாகக் கல். பதித்த கல். வளைவு. பத்தடி தள்ளி ஒரு குழி. இன்னும் பத்தடி தள்ளி இன்னொன்று.

என் கான் அங்கே இருந்தது. அந்த வெடிப்புக்கு முப்பது தப்படி கீழே இருந்தது.

மறுபடி மேலே ஏறினேன். அது இப்போது கையகலம் இல்லை. ஒரு ஆள் இறங்கலாம். கடப்பாரையை உள்ளே விட்டுப் பார்த்தேன், அடி எங்கே என்று. அடி தட்டவில்லை. இன்னும் குனிந்தேன். ஈரக் கையில் வழுக்கிவிட்டது. ஐந்தடிக் கடப்பாரை தம்பி. போய்விட்டது. விழுந்த சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

போலீஸ் லத்திக்கு நான் பயந்ததில்லை. சிறையில் பதினோரு நாளும் தூங்கினேன். அன்றைக்கு அந்தச் சரிவில் உட்கார்ந்து பின்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். கால் ஊன்றினால் மலை புரண்டுவிடும் என்று. கீழே பத்து வீட்டுத் தகரமும் தெரிந்தது. முதலாவதாக எங்கள் வீடு. பத்தாம் நம்பர்தான் மலைக்குப் பக்கத்தில்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன். சொல்லும் முறை என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி சொன்னது சரி என்று நான் எப்படிச் சொல்வது? ஆறு அநியாயம் செய்தவன் ஏழாவது முறை உண்மை சொன்னால் அதை எந்த வார்த்தையில் எழுதுவது? மூன்று நாள் உட்கார்ந்து வாசகம் தயாரித்தேன். 'மாறிய சூழ்நிலையைக் கணக்கில் கொண்டும், குழந்தைகளின் நலன் கருதியும், கீழ்க்கண்ட எட்டு நிபந்தனைகளின் பேரில்' என்று. நல்ல வாசகம். அதில் கான் என்ற சொல்லே வராது. வாசகம் முடிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பகலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, கிரெச் வாசலில்தான் இருந்தேன். செல்லக்கண்ணுவின் சின்னப் பெண் எங்கள் வீட்டுப் பின்னால் போய் விளையாடினால் அதட்டி விரட்டினேன். அவன் மனைவி என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

ராசகனி அன்றைக்கே கேட்டாள், "கடப்பாரை எங்கெ?"

"செல்லக்கண்ணு வாங்கிட்டுப் போனான்" என்றேன்.

 துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எஸ்தருக்குப் புடவை கொடுத்தனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

இன்று காலை உள்ளே கூட்டம். ஆபீசர் அம்மா நிலைமையைச் சொன்னார். கடைசியாகக் கேட்டுக்கொள்கிறோம், மறுத்தால் மறுத்ததாக எழுதிக்கொண்டு போவோம் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்லக்கண்ணு எழுந்து, "எங்களுக்கு அண்ணாச்சி சொல்றதுதான்" என்றான். நான் எழுந்து வாசகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் நிபந்தனை, இரண்டாவது நிபந்தனை. மூன்றாவதில் இருக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். செல்லக்கண்ணு, எங்க வீட்டுக் கடப்பாரையை நீ வாங்கிட்டுப் போனியா?"

"இல்லையே மதினி. என்கிட்டயே ரெண்டு இருக்கு."

"அன்னைக்குக் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னே. இவுகளும் கேக்கட்டும்னுதான் மறுபடி கேட்டேன்."

சிலர் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று. நான், "ராசகனி, இது பொதுக்கூட்டம்" என்றேன்.

"பொதுக்கூட்டம்னுதான் கேக்கேன். மூணு நாளைக்கு முந்தி கடப்பாரையோட மேல போனீக. வெறுங்கையோட வந்தீக. வேட்டி பின்பக்கம் பூராச் சேறு. தொவச்சவ நான். கடப்பாரை எங்கெ கிடக்கு? அதைச் சொல்லிட்டு அந்தத் தாளைப் படிங்க."

நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது நிபந்தனை, போக்குவரத்து வசதி. எழுத்து தெரிந்தது, வாய் வரவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக மேடையில் எனக்கு அப்படி ஆனதில்லை.

அவளே சொன்னாள். நேற்று மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே போயிருக்கிறாள். அவள் காலுக்கு அந்தச் சரிவு பழக்கம், முப்பத்தாறு வருஷம் அதில்தான் நின்றாள். நான் சறுக்கி வந்த தடம் இருந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். "இவுக வெட்டுன கான் உண்ணிக்காட்டுக்குள்ள கிடக்கு. கல்லு பதிச்சது பதிச்சபடி. மேல கிடக்கது கான் இல்ல. என் கழுத்துக்குப் பள்ளம் தெரியுது, அதுக்குக் கீழ தெரியல. இவுகளுக்கும் தெரியும். எழுதி முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருக்காக. நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கூச்சலை நான் சமாளிப்பேன், அது எனக்குத் தொழில். செல்லக்கண்ணு மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டு மழைக்காலம், அண்ணாச்சி" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். போய்க் கையெழுத்துப் போடும் வரிசையில் நின்றான். என்னைத் திட்டவில்லை. திட்டாதது ஏன் என்று இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து யோசிக்கிறேன். வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்று இருந்திருக்கும். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அதுதான் ஏழாவது. கட்டின மனைவி, பொதுக்கூட்டத்தில், ஆபீசர் முன்னால். ஒரு நாள் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். நாளைக்குச் சொல்லியிருப்பேன். என்ன, நாளைக்கு இந்த லயம் இருக்குமா என்கிறீர்களா? நீங்கள் ஜீப் ஓட்டுகிறவர், உங்களுக்குத் தீர்மான வாசகத்தைப் பற்றித் தெரியாது.

சரி. நான் ஏன் போகப்போவதில்லை என்று சொல்கிறேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

சித்திரையில் நான்கு நாள் தளவாய்புரம் போயிருந்தேன். பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றாள் ராசகனி. இரண்டு அறை வீடு. தெரு முழுக்கத் தையல் மிஷின் சத்தம். வெயில், தம்பி. நிழலும் சுடுகிறது. முதல் நாள் மயக்கமாக வந்தது. அப்பா ஞாபகம் வந்தது. பதினோரு மாதம். அப்பா மட்டும் இல்லை, இரண்டாம் நம்பர் வீட்டு அருளாந்து ஒன்பது மாதம், மருந்துக் கூடத்து வேலைக்காரி பேச்சியம்மா ஒரு வருஷம் முழுசாகத் தாண்டவில்லை. என்னிடம் பட்டியல் இருக்கிறது. மலையிலிருந்து கீழே போனவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தேழு பேர். பத்து வருஷம் இருபது வருஷம் இருந்தவர்களும் உண்டு என்பாள் ராசகனி. அவர்களை நான் எழுதவில்லை. அது வேறு பட்டியல்.

இரண்டாம் நாள் டீக்கடையில் உட்கார்ந்தேன். "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "ஓ, கேரளாக்காரரா" என்றார்கள். இங்கே மலையாளிகளுக்கு நான் பாண்டிக்காரன். என் தாத்தா காலத்திலிருந்து பாண்டிக்காரன். அங்கே கேரளாக்காரன். பஸ்ஸில் நான்கு மணி நேரத்தில் ஒரு மனிதன் இப்படி மாறிவிடுகிறான்.

மூன்றாம் நாள் மருமகன் தைக்கும் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். மின்விசிறி இரண்டு, ஆட்கள் பதினேழு. ஒரு டஜன் நைட்டிக்கு என்ன கூலி என்று விசாரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். வேறு எனக்கு என்ன தெரியும்? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எஸ்தர் படித்தாள். நான்காக மடித்தாள். அடுப்பு மேடையில் வைத்துவிட்டு எனக்குக் குழம்பு ஊற்றினாள்.

"அப்பா, இங்கெ நாங்க வாடகைக்கு இருக்கோம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மருமகன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தாள் தம்பி. கம்பெனி பயப்படும், ஃபீல்டு ஆபீசர் பயப்படுவான், அதெல்லாம் எனக்குப் பெருமை. இவள் பயந்ததைப் பார்த்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். நான்காம் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தெருவில் நான் பேசாததை ஒருவரும் கவனிக்கவில்லை. இங்கே நான் ஒரு நாள் பேசாமல் இருந்தால் அடுத்த டிவிஷனிலிருந்து ஆள் வந்து விசாரிப்பான். சரி, முன்பு விசாரிப்பான்.

அங்கே போய் நான் யார்? ஒரு நாற்காலி. காலையில் வெயிலுக்கு உள்ளே இழுத்துப் போடுவார்கள், சாயங்காலம் வெளியே போடுவார்கள். அதை நினைத்தால் அந்தப் பள்ளத்தில் கடப்பாரை போனது போல இருக்கிறது. போகும், சத்தம் வராது.

அதனால் நான் இங்கேயே இருக்கப்போகிறேன். பத்தாம் நம்பரில். தனியாக. மலை வந்தால் வரட்டும்.

அது என்ன சத்தம்? கேட்டீர்களா? பின்பக்கம். கல் உருண்ட மாதிரி. நீங்கள் எழுந்து பாருங்கள், நான் இங்கே இருக்கிறேன். ஒன்றும் இல்லையா? நன்றாகப் பாருங்கள். தகரத்துக்கு மேலே, அந்தச் சவுக்கு மரம் நேராக நிற்கிறதா? நேற்று நேராக நின்றது. சாய்ந்த மாதிரி எனக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தெரியவில்லையா? சரி. உட்காருங்கள். என் பக்கத்தில் உட்காருங்கள்.

நான் சொன்னது முடிவாகிவிட்டது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேலை போன பிறகும் எனக்கு வீடு போகவில்லை, ராசகனி பெயர் கம்பெனியின் ஆள் பதிவான செக்ரோலில் இருந்தது, அவள் பெயரில் வீடு நின்றது. முப்பத்தைந்து வருஷம். அது நிர்வாகத்தின் ஒரு சௌகரியத்துக்காக. அவள் போட்டது அவள் கையெழுத்து. நான் தனி ஆள். என் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால் எழுந்து ஆட்சேபணை சொல்வேன். வாசகம் தயார். 'மேற்படி பட்டியலில் என் பெயர் என் சம்மதம் இல்லாமல் சேர்க்கப்பட்டுள்ளது.' நீங்கள் சாட்சி. மேலே மழை இருட்டிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் படித்தால் தேவலை.

கூப்பிடுகிறார்கள். வாருங்கள், உள்ளே போவோம். கையைக் கொஞ்சம் கொடுங்கள், படி ஈரமாக இருக்கிறது. முன்னால் நில்லுங்கள், சாட்சி முன்னால்தான் நிற்கவேண்டும். நான் உங்களுக்குப் பின்னால் நிற்கிறேன்.

ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பிக்கிறார். படிக்கட்டும். அருமைநாயகம், மனைவி, அம்மா, மூன்று பேர், கீழ் டிவிஷன். ஆட்சேபணை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறார், முறையாகத்தான் செய்கிறார். ஐந்தாம் நம்பர். ஆறு. அதோ எட்டு, செல்லக்கண்ணு, நான்கு பேர். பெரிய பெண் பையை முதுகில் மாட்டிக்கொண்டே நிற்கிறது பாருங்கள். ஒன்பது.

ராசகனி என்னைப் பார்க்கவில்லை. கிளார்க்கைப் பார்க்கிறாள். அவள் கையில் என் மாத்திரை டப்பா இருக்கிறது. என் லெட்டர்பேடும் சீலும் அந்த மஞ்சள் பைக்குள் இருக்கிறது, மூலை தெரிகிறது. நான் எடுத்து வைக்கவில்லை.

பத்து. 'குடியிருப்பவர் ராசகனி, தகப்பனார் பெயர் சங்கிலி, ஓய்வு பெற்ற தொழிலாளி. செல்லும் இடம், தமிழ்நாடு, தளவாய்புரம்.' நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கிறார். ஆபீசர் அம்மாவும் பார்க்கிறார். எல்லாருக்கும் தெரியும் நான் ஆட்சேபணை சொல்வேன் என்று. ஏதோ முனகுகிறார், கேட்கவில்லை.

தம்பி, கொஞ்சம் விலகுங்கள்.

"ஏம்ப்பா கிளார்க்கு, வாய்க்குள்ளயே முனகினா சாட்சிக்கு எப்படிக் கேக்கும்? எனக்கே கேக்கல. கடைசி வரியை மறுபடி படி. ஒரு பேரும் விட்டுப்போகாமச் சத்தமாப் படி."

"வீட்டு எண் பத்து. ராசகனியுடன் செல்பவர், கணவர், மாசிலாமணி."